சேர்மனின் வரவேற்புரையும் வெள்ளைப் பக்கமும்

காலையில் சேர்மன் தம் கையாலேயே அப்டேட்டைத் தொடங்கி வைத்தார். மெத்தைக் கம்பெனியின் இணையதளத்தில் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று ஓர் அறிவிப்பு கொஞ்ச நாளாகவே ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. புதியது ஒன்று எங்கோ இருக்க, தம் கம்பெனியில் பழையது ஓடிக்கொண்டிருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. குடும்பத்தார் எல்லாரையும் மாடி அறைக்கு வரவழைத்து, தொண்டையைச் செருமி, "முன்னேற்றம்ங்கறது..." என்று ஆரம்பித்து, டீ ஆறும் வரை முன்னேற்றத்தைப் பற்றிப் பேசிவிட்டு, ஆள்காட்டி விரலால் பொத்தானை அமுக்கினார். மூத்த மகன் கைதட்டினார். அண்ணன் தட்டிவிட்டாரே என்று இளைய மகனும் தட்டினான். மகள் படம் எடுத்து, 'புதிய யுகம்' என்று தலைப்புப் போட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

தளம் வெள்ளையாகிவிட்டது. பிழை என்றோ, பொறுத்திருங்கள் என்றோ ஒரு சொல்கூட இல்லை. வெளுத்து விரித்த படுக்கை விரிப்பு மாதிரி மூலைக்கு மூலை வெள்ளை.

"பளிச்சுன்னு இருக்கே," என்றார் சேர்மன்.

"மாமா, பளிச் இல்ல மாமா. போச்சு," என்றாள் இளைய மருமகள்.

"நல்ல காரியம் நடக்கற நேரத்துல வாயில என்ன வார்த்தை வருது பாரு," என்றாள் நாத்தனார், எடுத்த படத்தில் தன் முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தபடி.

சேர்மன் என்பவர் இளைய மருமகளின் மாமனார். அந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. யாரும் மறுக்காததால் நிலைத்துவிட்டது. கம்பெனி என்பது கீழே நுரை ரப்பர் வாடை அடிக்கும் ஒரு கிடங்கு, மேலே இரண்டு அறை, நடுவில் ஏறினால் முனகும் ஒரு படிக்கட்டு. அதில் இளைய மருமகளின் வேலை, போன் அடித்தால் எடுப்பது. எடுத்து, "சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, ஆண்களில் யாரையாவது கூப்பிடுவது.

ஒரு தடவை போன் அடித்தபோது ஆண்கள் யாரும் அகப்படவில்லை. அந்தப் பக்கம் பேசியவர் ஒரு மாணவர் விடுதிக் குழுமத்தின் கொள்முதல் அதிகாரி. எல்லா விடுதிக்கும் மெத்தை மாற்ற வேண்டும் என்றார். இவளே பேசினாள். எந்த நுரை சீக்கிரம் குழி விழும், எது விழாது என்று விளக்கினாள், மாதிரி அனுப்பினாள், அதிகாரியின் முதுகுவலியைப் பற்றியும் விசாரித்தாள். விஷயம் கனிந்தது. இப்படி ஓர் ஆர்டர் அந்தக் கிடங்கு கண்டதில்லை. மூத்தவர் மட்டும், "பேச்சுலதான் இருக்கும், கைக்கு வராது," என்று சொல்லிவைத்தார். சேர்மன் எல்லார் முன்னாலும் அறிவித்தார்: "அந்த ஆர்டர் வந்துச்சுன்னா வியாபாரத்துல உனக்கும் ஒரு பொறுப்பு. வரலைன்னா, பேசாம வீட்டைப் பாத்துக்கம்மா."

அதிகாரியின் அலுவலக விதிப்படி ஆர்டரை விற்பவரின் இணையதளத்தில், அளவுகளோடு பதிய வேண்டும். அதற்குக் கடைசி நாள், முன்னேற்றம் நிகழ்ந்த இந்த நாள்.

அவள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் வருவதற்குள் தளத்தின் உள் நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். இணையதளம் வீடு என்றால், ப்ளகின் என்பது அதில் அவரவர் வாங்கி மாட்டும் சாமான். கடிகாரம் வேண்டுமென்றால் கடிகாரம், மீன்தொட்டி வேண்டுமென்றால் மீன்தொட்டி. இந்தத் தளத்தில் ஆளுக்கொன்று மாட்டியிருந்தார்கள்.

சேர்மனுடையது வரவேற்புரை. பக்கம் திறந்ததும் அவர் கோட்டு சூட்டோடு திரை முழுக்க எழுந்து நின்று, தூக்கத்தின் மகத்துவத்தைப் பேசுவார். முதலில் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதை அமுக்கினால் அவர் போய்விடுவார். "பேசிக்கிட்டு இருக்கறவன் வாயைப் பொத்தறதா?" என்று அதை எடுக்கச் சொல்லிவிட்டார். மூத்தவருடையது எண்ணி. தளத்துக்கு வந்தவர்களை அது எண்ணும். பூஜ்யத்தில் ஆரம்பிப்பது கௌரவக் குறைச்சல் என்று, சுமாரான ஒரு நகரத்தின் ஜனத்தொகையிலிருந்து ஆரம்பித்து வைத்திருந்தார். நாத்தனாருடையது இறகு. திரையின் மேலிருந்து வெள்ளை இறகுகள் ஆடி ஆடி இறங்கும். கம்பெனியின் எந்த மெத்தையிலும் இறகு கிடையாது. "அது ஒரு ஃபீலிங்," என்பாள். வாடிக்கையாளர் அளவைப் படிக்கக் கண்ணைக் கொண்டுபோகும்போது, சரியாக அந்த இடத்தில் ஓர் இறகு வந்து உட்காரும். இளைய மருமகளின் கணவனுடையது அரட்டை ரோபோ. எதைக் கேட்டாலும் "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். வீட்டிலும் அவன் சுபாவம் ஏறக்குறைய அதுதான் என்பதால், அவள் ரோபோவைக் குறை சொன்னதில்லை.

இவை எல்லாவற்றையும் தாண்டிக் கரையேறுபவர்களுக்குக் கடைசியில் ஆர்டர் படிவம்.

ஒரு காலத்தில் தளத்தின் சாவி, அதாவது அட்மின் அதிகாரம், மூத்தவரிடம் மட்டும் இருந்தது. அவர் தம்பியின் ரோபோவைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒளித்து வைக்க, வீடு ரெண்டுபட்டது. சேர்மன் கூட்டம் போட்டுத் தீர்ப்பளித்தார்: "இனிமே எல்லாரும் அட்மின்." நாலு பேர் போனிலும் நாலு முழு அதிகாரம். இளைய மருமகளுக்கு 'வாசகர்' என்ற அந்தஸ்து கிடைத்தது. அவள் பார்க்கலாம்.

டாக்டர் வந்தார். மருத்துவத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. இணையதளம் பழுது பார்ப்பவர். தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர். மடிக்கணினியின் முதுகில் காய்ச்சல் பார்ப்பதுபோல் கையை வைத்து, கண்ணை மூடினார்.

"பேஷண்ட் கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

"காலைல டாக்டர். அப்டேட் பண்றதுக்கு முன்னாடி."

"பண்ணது யாரு?"

எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். கைதட்டலோடு நடந்த காரியத்துக்கு இப்போது ஆளில்லை.

"தானா ஆகியிருக்கும்," என்றார் சேர்மன். "இப்பல்லாம் எல்லாம் தானாவே ஆகுது."

"ப்ளகின் மோதல். எங்க தொழில்ல இது சகஜம்," என்றார் டாக்டர். "எல்லா ப்ளகினையும் அணைக்கணும். அப்புறம் ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கணும். எதைப் போட்டா வெள்ளையாகுதோ, அதுதான் கட்டி."

"எல்லாத்தையுமா?" என்றார் மூத்தவர்.

"என்னுதையுமா?" என்றார் சேர்மன்.

"உங்களுதும் எல்லாத்துல ஒண்ணுதானே மாமா," என்றாள் இளைய மருமகள். அந்தக் கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. "கொஞ்ச நேரம்தான்," என்று டாக்டரிடம் விரலை ஆட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். மற்றவர்களும் போனார்கள். போன்களும் கூடவே போயின.

டாக்டர் நாலையும் அணைத்தார். பக்கம் திறந்தது. திரை நடுவே ஆர்டர் படிவம், குளித்துவிட்டு நிற்கும் குழந்தை மாதிரி, வெறுமனே, சுத்தமாக நின்றது. அந்தப் படிவத்தை இவ்வளவு பக்கத்தில் அவள் இதற்குமுன் பார்த்ததில்லை.

"டாக்டர், இப்படியே சாயந்திரம் வரைக்கும் விட்டுடுங்களேன்."

"பாதி ஆபரேஷன்ல தையல் போடச் சொல்றீங்க," என்றார் டாக்டர், மனம் புண்பட்டு.

ரோபோவைப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. இறகைப் போட்டார். இறகு இறங்கியது. எண்ணியைப் போட்டார். வெள்ளை.

"ஆப்ட்டுச்சு!" என்று தொடையில் தட்டினார். "கட்டி இதுதான்."

செய்தி சுவரைத் தாண்டுவதற்குள் மூத்தவர் வாசலில் நின்றார். "யாரு கட்டி? கம்பெனிக்கு எத்தனை பேரு வர்றான்னு கணக்கு வச்சிருக்கறது கட்டியா?" தம் போனிலேயே மற்ற எல்லாவற்றையும் அணைத்து, எண்ணியை மட்டும் போட்டுக் காட்டினார். பக்கம் திறந்தது, எண்ணி கம்பீரமாக ஓர் எண்ணைக் கூட்டிக்கொண்டது. "இப்ப சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு வரவேற்புரையைப் போட்டார். வெள்ளை.

"அப்ப அப்பாவுதுதான்," என்றார் மூத்தவர், வருத்தப்படும் குரலில், வருத்தமில்லாத முகத்தோடு.

அடுத்து சேர்மன் வந்தார். எண்ணியை அணைத்துவிட்டுத் தம் உரையைப் போட்டுக் காட்டினார். திரையில் சேர்மன் எழுந்து நின்று தூக்கத்தைப் புகழ, திரைக்கு வெளியே சேர்மன் இடுப்பில் கைவைத்து டாக்டரை முறைத்தார். தனித்தனியே பார்த்தால் இருவரும் உத்தமர்கள்.

"ரேர் கேஸ்," என்றார் டாக்டர். நெற்றி வியர்த்திருந்தது. "மறுபடி முதல்லேர்ந்து வரணும்."

அப்பாவும் மகனும் பக்கத்து அறைக்குத் திரும்பியதும் முதலிலிருந்து வந்தார். வந்தும் கதை வேறுமாதிரிப் போயிற்று. இந்த முறை ரோபோவைப் போட்டதுமே வெள்ளை. அதை அணைத்தால் திறந்தது. இறகைப் போட்டால் வெள்ளை. அணைக்காமலேயே மறுபடி திறந்தது. டாக்டர் மேஜையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். இளைய மருமகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்குத்தான் அவளுக்கு அதிகாரம். வரவேற்புரைக்கு நேரே இருந்த பொத்தான் யாரும் தொடாமலே பச்சையாயிற்று. பிறகு எண்ணி பச்சை. வரவேற்புரை சாம்பல். மறுபடி பச்சை.

"டாக்டர், நீங்க எதையும் தொடலையே?"

"ஐயையோ, வைரஸ்," என்றார் டாக்டர்.

பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். எண்ணி சாம்பல்.

"வைரஸ் அங்க உக்காந்து இருமிக்கிட்டு இருக்கு டாக்டர்," என்றாள்.

கதவைத் திறந்து பார்த்தாள். சோபாவில் நாலு பேரும் வரிசையாக, தலை குனிந்து, ஆளுக்கொரு போனைப் பிடித்திருந்தார்கள். டாக்டர் அணைக்க அணைக்க, அவரவர் சாமானை அவரவர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றியதோடு, அடுத்தவருடையதை அணைத்துக்கொண்டும் இருந்தார்கள். அவள் கணவன்கூட.

"நீங்களுமா?"

"எல்லாரும் பண்றாங்களேன்னு..." என்றான்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கொள்முதல் அதிகாரி.

"என்னம்மா, உங்க சைட்ல ஒண்ணுமே வரலையே? வெள்ளையா இருக்கு."

"சின்ன வேலை நடக்குதுங்க மேடம். சாயந்திரத்துக்குள்ள சரியாயிடும்."

"ஆஃபீஸ் மூடறதுக்குள்ள நான் போட்டாகணும். இல்லன்னா அடுத்த கம்பெனிக்குப் போயிடும், என் கைல ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் நல்லா இருந்தப்பவே உள்ள போக முடியல. ஒரு பெரியவர் பேசிக்கிட்டே இருந்தாரு. அவர் முடிப்பாரான்னு பாத்தேன், முடிக்கல. அப்புறம் என்னமோ பறந்துச்சு. மூடிட்டேன்."

"புரியுதுங்க மேடம்," என்றாள். நன்றாகவே புரிந்தது.

சேர்மன் கூட்டம் போட்டார். போன்களை மேஜைமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னாள் இளைய மருமகள். நாலு பேரும் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்கள். யாரும் எதையும் தொடாமல் இருந்ததால் டாக்டரால் ஒருவழியாக உண்மையைக் கண்டுபிடிக்க முடிந்தது.

"ரோபோ மேல தப்பில்ல, இறகு மேல தப்பில்ல. சாரோட உரையும் மூத்தவரோட எண்ணியும்தான். பக்கம் திறந்ததும் முதல் ஆளா நான்தான் நிக்கணும்னு ரெண்டும் கேக்குது. பழைய பதிப்பு பாவம் பாத்து ரெண்டையும் ஒரே நாற்காலில உக்கார வச்சிருந்துச்சு. புதுசு முடியாதுங்குது. நாற்காலியையே கவுத்துடுது. ஒண்ணை முதல்ல வச்சு, இன்னொண்ணை ரெண்டாவதா வச்சா தீந்துச்சு."

ரெண்டாவது என்ற சொல் மேஜை நடுவே கிடந்தது. யாரும் அதை எடுக்கக் கை நீட்டவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா," என்றார் சேர்மன். "ஆனா ஒரு சேர்மன் ரெண்டாவதா வந்தா பாக்கறவன் என்ன நினைப்பான்?"

"எனக்கும் ஒண்ணும் இல்ல," என்றார் மூத்தவர். "ஆனா ஆள் உள்ள வந்தாதானே பேச்சு? வந்தவனை எண்ணிட்டு அப்புறம் வரவேற்கறதுதான் முறை."

"வீட்டுக்கு வர்றவனை எண்ணிட்டுத்தான் வாங்கன்னு சொல்லுவியா?"

"எண்ணாம விட்டா, வந்தான்னு யாரு நம்புவா?"

"ஒருநாள் அப்பா, ஒருநாள் அண்ணன்னு..." என்று ஆரம்பித்தான் இளையவன். இருவரும் பார்த்த பார்வையில் தன் ரோபோவைப்போல் மௌனமானான்.

"ரெண்டும் வேணாம், இறகு மட்டும் போதும். பாக்க அமைதியா இருக்கும்," என்றாள் நாத்தனார்.

"காலைல இருந்த பழைய பதிப்புக்கே திரும்பிடலாம் சார், நேத்து எடுத்த நகல் இருக்கு," என்றார் டாக்டர், தப்பித்தால் போதும் என்று.

"பின்னாடி போறதா?" சேர்மன் எழுந்தேவிட்டார். "முன்னேற்றம்னு அவ்வளவு நேரம் பேசிட்டு?"

"புதிய யுகம்னு எல்லாருக்கும் அனுப்பிட்டேன்," என்றாள் நாத்தனார். "மாமியார் வீட்டுக்கும் அனுப்பியாச்சு."

கூட்டம் அதன் போக்கில் போகத் தொடங்கியது. தொழில் பிரித்த காலத்துப் பேச்சு ஒன்று வந்தது. யாரோ யாருக்கோ கல்யாணத்தில் முதல் வரிசையில் இடம் போடாதது வந்தது. ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இளைய மருமகள் டாக்டரைக் கண்ணால் கூப்பிட்டுப் படிக்கட்டுக்குப் போனாள்.

"யாருக்கும் தெரியாம பழைய நகலை ஏத்திடறேன்ம்மா," என்று டாக்டர் கிசுகிசுத்தார். "புதுசுன்னே நினைச்சுக்குவாங்க. எல்லாம் ஓடும்."

"எல்லாம் ஓடினா அந்த மேடம் ஓடிடுவாங்க டாக்டர்." ஒரு படி கீழே இறங்கி நின்று யோசித்தாள். "அந்த நகலை வேற ஒரு முகவரில வைக்க முடியுமா?"

"வைக்கலாம். எதுக்கு?"

"அதை இவங்களுக்குக் குடுங்க. கடைக்கு வேணாம்."

டாக்டருக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் முகத்தில் தொழில் தர்மம் வந்து நின்றது. "பேஷண்டோட குடும்பத்தாருக்கு வேற பேஷண்டைக் காட்டறது... எங்க தொழில்ல..."

"சரி டாக்டர். வாங்க, கூட்டத்துக்குப் போலாம்."

"பத்து நிமிஷம் குடுங்க," என்றார் டாக்டர்.

பிறகு அவர் கூட்டத்துக்குள் நுழைந்து, நாலு போனுக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்றார். தடுப்பூசி என்றதும் மறுபேச்சு இல்லை. ஒவ்வொன்றாக வாங்கி, தளத்தைத் திறக்கும் பழைய குறுவழியை அழித்து, நகலுக்குப் போகும் புதியதை ஒட்டிக் கொடுத்தார். மடிக்கணினி இருந்த அறைக்கு வந்து உண்மையான தளத்தில் நாலு ப்ளகினையும் கழற்றி, நாலு அட்மினையும் நீக்கினார். ஓர் ஆளாவது இருந்தாக வேண்டும் என்று அது கேட்டது. இளைய மருமகள், 'வாசகர்' பதவியிலிருந்து அந்த நிமிடம் உயர்த்தப்பட்டாள். கைதட்ட ஆளில்லை.

பக்கத்து அறையிலிருந்து சேர்மனின் குரல் கேட்டது. நேரில் அல்ல, போனிலிருந்து. தூக்கம் எத்தகைய மகத்துவம் வாய்ந்தது என்று அது சொல்ல, "வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று நேர்க்குரல் கூவியது.

"எண்ணியும் நகருதுப்பா," என்றார் மூத்தவர். திறக்கத் திறக்க நகர்ந்தது. நாலு பேரும் மாற்றி மாற்றித் திறந்ததில் பரபரவென்றே நகர்ந்தது. "அப்டேட்டுக்கு அப்புறம் கூட்டம் அள்ளுதே!"

"இறகுகூட முன்னைவிட மெதுவா விழுது, கவனிச்சீங்களா?" என்றாள் நாத்தனார்.

வெயில் ஜன்னலை விட்டுப் போவதற்கு முன்பே ஆர்டர் வந்தது. எல்லா விடுதிக்கும், எல்லா அளவும். பின்னாலேயே அதிகாரியின் போன். "என்னம்மா மந்திரம் போட்டீங்க? திறந்தேன், நிரப்பினேன், முடிஞ்சுது. இப்படி இருக்கணும் ஒரு சைட்டு."

அதை அவள் வார்த்தை மாறாமல் பக்கத்து அறையில் சொன்னாள்.

"இப்படி இருக்கணும்னு சொன்னாங்களா?" சேர்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேச்சுன்னா அப்படித்தான் இறங்கணும் மனசுல. இன்னும் கொஞ்சம் நீட்டலாமா?"

"நீட்டலாம் மாமா. எவ்வளவு வேணும்னாலும்."

"இவ்வளவு பேரு வர்ற இடம்னு எண்ணியைப் பாத்ததும் நம்பிக்கை வந்திருக்கும்," என்றார் மூத்தவர். கைக்கு வராது என்று அவர் சொன்னதை அவர் உட்பட எல்லாரும் மறந்திருந்தார்கள்.

"என் ரோபோகிட்ட ஏதாவது கேட்டாங்களாமா?" என்று கணவன் தனியாக அவளிடம் விசாரித்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கேட்டாங்களாம். நல்ல கேள்வின்னு சொல்லிச்சாம்."

சேர்மன் வாக்குத் தவறவில்லை. மறுநாள் காலை எல்லாரையும் வரவழைத்து, அவளுக்குப் பொறுப்பு கொடுத்தார். 'வாடிக்கையாளர் தொடர்பு நிர்வாகி.' போன் அடித்தால் எடுக்க வேண்டும். மூத்தவர் கைதட்டினார், இளையவனும் தட்டினான், நாத்தனார் படம் எடுத்தாள். போன் பக்கத்தில் நேற்றுவரை இருந்த முக்காலியை எடுத்துவிட்டு, கை வைத்த நாற்காலி ஒன்று போட்டார்கள்.

அவர்கள் போனதும் அவள் மடிக்கணினியைத் திறந்து, கடைத்தளத்தைப் பார்த்தாள். வெறும் பக்கம். மேலே கம்பெனி பெயர், நடுவே படிவம், கீழே ஒன்றுமில்லை. படிவத்தை ஒருமுறை நிரப்பிச் சோதித்தாள், சரியாக இருந்தது. கீழே நிறைய இடம் காலியாகக் கிடந்தது. வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டாமா? ஒரு பெயர், ஓர் எண். முகம் தெரிந்தால் நம்பிக்கை வரும். அதிகாரிகூட ஒருநாள், "உங்களைப் பாத்ததே இல்லையே," என்றிருந்தார். அதற்கென்றே ஒரு ப்ளகின் இருந்தது, ரொம்பச் சின்னது, யார் வழிக்கும் போகாது. நாத்தனார் சற்று முன் எடுத்த படத்திலிருந்து தன்னை மட்டும் வெட்டி எடுத்து, பதவியையும் கீழே எழுதி, பக்கத்தின் அடியில் வைத்தாள்.

பக்கம் திறந்தது. படிவம் வேலை செய்தது. ஒரு குறையும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். படம் மட்டும் கொஞ்சம் சின்னதாக இருப்பதுபோல் பட்டது.